வேலியைப் பகைத்த பஞ்சு ஓவசியர்

யாழ்ப்பாணத்தில் பிறந்து, வளர்ந்து, வேலியைப் பகைத்துக்கொண்டு, அதற்குப் பிறகும் உயிரோடும் உத்தியோகத்தோடும் இருந்த ஒரே மனிதர் பஞ்சு ஓவசியர்தான். எந்தக் கோயில் வாசலிலும் சூடம் அணைத்துச் சொல்வேன்.

வெளியூர் வாசகர்களுக்கு இதன் பாரதூரம் விளங்காது. எங்கள் பக்கம் ஒருவன் காணி வாங்கினால் கிணறு பிறகு, வீடு அதற்கும் பிறகு, முதலில் வேலி. ஆளுயரத்துக்குப் பின்னிய தென்னோலைக் கிடுகு, அதற்கு மேல் பனையோலை, அப்போதும் மனம் ஆறாவிட்டால் இன்னொரு வரிசை. பக்கத்து வளவில் என்ன கறி என்று காகத்துக்குக்கூடத் தெரியக்கூடாது. அண்ணன் தம்பி முகம் முறித்திருந்தால் நடுவில் பெண்ணோ பொன்னோ இராது. நாலு விரற்கடை தள்ளி நட்டுவிட்ட ஒரு வேலிக் கதியால் தடி இருக்கும். அந்த மண்ணில் நின்றுகொண்டு, "வேலியெண்டது எங்கடை ஆக்கள் தங்கடை கண்ணிலை தாங்களே குத்தின முள்ளு, ஐசே!" என்று உரத்துச் சொன்னவர் அவர்.

உரத்து என்றால் சாதாரண உரப்பு அல்ல. எங்கள் மாநகர சபைக் கந்தோரில் வீதி, வாய்க்கால், கட்டிட வேலைகளை மேற்பார்ப்பது அவர் உத்தியோகம். வீதியின் ஒரு முனையில் நின்று மறு முனையிலுள்ள தொழிலாளியை ஏசி ஏசியே வளர்ந்த தொண்டை. அவர் கந்தோரில் தும்மினால் பஸ் நிலையத்தில் பயணம் புறப்பட்டவர்கள் சகுனம் பார்த்துத் திரும்பி இருப்பார்கள். அந்தத் தொண்டைக்குப் பக்கத்து மேசையில் கிளாக்கராக இருந்தவன் நான். என் இடது காது இன்றைக்கும் வலது காதைவிட ஒரு பிடி மந்தம்.

தொண்ணூற்று நாலு, தொண்ணூற்றைந்தாம் வருடங்கள். மின்சாரம் எங்களை விட்டுப்போய்க் கனகாலம். சீமெந்து நகைக்கடையில் விசாரிக்கவேண்டிய சாமானாகியிருந்தது. எல்லாரும் சைக்கிள் உழக்கினோம், உழக்கிக் களைத்தோம். மண்ணெண்ணெய் வரிசையில் நின்று களைத்தோம். ஒரு கட்டத்தில் பயப்படவும் களைத்துப்போய், குண்டு விழுந்த திசையைக் கேட்டுவிட்டு மிச்சச் சோற்றைப் பிசைந்தோம். அப்படியொரு நடுப்பகலில்தான் குருநகர் மீன்காரி மேரி, தன் தம்பி அன்ரனைக் கூட்டிக்கொண்டு கந்தோருக்குள் வந்தாள்.

அன்ரன் வலை பொத்துகிறவன். பிறவியிலேயே காது கேளாது. அவனைப்போன்ற பத்துப் பன்னிரண்டு பேர், கரவெட்டி பக்கத்துத் தையல்காரப் பெண்பிள்ளை ஒருத்தி உட்பட, ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் நிலையத்து வேம்பின் கீழே கூடுவார்கள். கையால் கதைப்பார்கள். கிழமை முழுக்க அடக்கி வைத்திருந்த கதையல்லவா, கைகள் பறக்கும். அதைப் பார்த்த எவனோ ஒரு புண்ணியவான், "உவங்கள் கையாலை பிளேனுக்குக் காட்டிக் குடுக்கிறாங்கள்" என்று கதை கட்டிவிட்டான். வேம்பின் கீழிருந்து கல்லெறிந்து கலைத்தார்கள். அன்ரனை ஒருநாள் முழுக்க எங்கேயோ இருத்தி வைத்து விசாரித்தார்கள். காது கேளாதவனை எப்படி விசாரித்தார்களோ, அது விசாரித்தவர்களுக்கே வெளிச்சம். திரும்பி வந்த நாளிலிருந்து அவன் இரண்டு கைகளையும் உடுத்திருந்த சாரத்து மடிப்புக்குள் ஒளித்துக்கொண்டு திரிந்தான். மற்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு திரிவதைப்போல.

"ஐயா, என்ரை தம்பி கதைக்கிறதை விட்டிட்டான். அவைக்குப் பயமில்லாமல் இருந்து கதைக்க ஒரு இடம் வேணும். சபையிலை சொல்லி, சபை தந்த இடமெண்டால் ஒருத்தரும் கலைக்கமாட்டினம்" என்றாள் மேரி.

ஓவசியர் அன்ரன் பக்கம் திரும்பினார். "தம்பி! உம்மடை பேர் என்ன?" கூரைப் புறாக்கள் எழுந்து பறந்தன. அன்ரன் அவர் முகத்தைக் கூர்ந்து பார்த்தான். ஓவசியர் இன்னும் எட்டிக் குனிந்து, "பேர்! பேர்!" என்றார். பக்கத்துக் கட்டிடத்திலிருந்து பியூன் ஓடி வந்தான், தன்னைத்தான் கூப்பிடுகிறார் என்று.

மேரி காதைப் பொத்திக்கொண்டாள். "ஐயா, அவனுக்குப் பிறந்ததிலை இருந்து கேளாது. எனக்கு இண்டையோடை கேளாது. விடுங்கோ!"

அப்போது ஒன்று நடந்தது. அன்ரன் சாரத்துக்குள்ளிருந்து கைகளை எடுத்தான். ஓவசியரின் இரண்டு தோள்களையும் பிடித்து, அலுமாரியைத் திருப்புவதுபோல யன்னல் பக்கமாகத் திருப்பினான். வெளிச்சம் அவர் முகத்தில் விழுந்தது. பிறகு அவருடைய மீசையைச் சுட்டிக்காட்டி, விரல்களை நெருக்கி நட்டுக் காட்டினான்.

"என்னவாம்?" என்றார் ஓவசியர்.

மேரி தயங்கினாள். "முந்தி இருட்டுக்கை நிண்டனீங்களாம், முகம் தெரியேல்லையாம். இப்ப வெளிச்சமாம். ஆனா... வாய்க்கு முன்னாலை வேலி நிக்குதாம்."

ஓவசியரின் மீசையைப்பற்றிச் சொல்லவேண்டும். அது மீசையல்ல, ஒரு குடும்பச் சொத்து. இரண்டு பக்கமும் இறங்கி வாயை மூடியிருக்கும்; மேலுதட்டைக் கண்டவர் அவர் மனைவி மட்டுமே என்று பேச்சு. மறுநாட் காலை அவர் அது இல்லாமல் கந்தோருக்கு வந்தார். நான் எழுந்து நின்றுவிட்டேன். எங்கள் சைவக் குடும்பங்களில் வளர்ந்த ஆண்பிள்ளை திடீரென்று மீசை மழித்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான்: தாயோ தகப்பனோ போய்விட்டார்கள். தகப்பன் எப்போதோ போய்விட்டார். ஆகவே தாய். கரவெட்டியில் இருக்கிற கிழவி.

நான் துக்கம் கேட்டேன். பின்னேரத்துக்குள் கந்தோரே கேட்டது. அடுத்த நாள் அவர் வீட்டு ஒழுங்கையில் சைக்கிள் நிறுத்த இடமில்லை. ஒருவர் பறைமேளத்துக்குச் சொல்லட்டோ என்று கேட்டார். இன்னொருவர் பந்தலுக்குக் கிடுகோடு வந்துவிட்டார். ஓவசியர் முற்றத்தில் நின்று, "ஒருத்தரும் சாகேல்லை! வாய் தெரியவேணுமெண்டு வழிச்சனான்!" என்று கத்த, துக்கத்தில் மூளை கலங்கிவிட்டது என்று சனம் இன்னும் உருகியது. மூன்றாம் நாள் கரவெட்டியிலிருந்து மினிபஸ் பிடித்து, கையில் ஒரு வாழைக்குலையோடு அந்தத் தாயே வந்து இறங்கினார்.

"மோனை, ஊரெல்லாம் உன்ரை வீட்டிலை செத்தவீடெண்டு கதைக்குது. எனக்கொருத்தரும் சொல்லேல்லை. ஆரடா செத்தது?"

"நீங்கள்தான் அம்மா" என்றாராம் ஓவசியர்.

கிழவி வாழைக்குலையைக் கீழே வைத்துவிட்டு, "அப்ப ஒரு பிளேன்ரீ போடச் சொல்லு. வெறும் வயித்தோடை போறதே?" என்றாராம்.

இவ்வளவோடு நின்றிருந்தால் அவருக்குப் பெயர் மழித்த ஓவசியர் என்று வந்திருக்கும். நிற்கவில்லை. பழைய பூங்காவின் தெற்கு மூலையைக் காது கேளாதவர்களுக்கென்று ஒதுக்குவதாகச் சபை ஒப்புக்கொண்டதும், "கேளாதவன் எப்பிடி இருக்கிறானெண்டு தெரியாமல் அவன் குந்தியிருக்க எப்பிடி ஐசே வாங்கு போடுறது?" என்று சொல்லி, ஆஸ்பத்திரிப் பஞ்சில் மெழுகு தோய்த்து இரண்டு காதையும் அடைத்துக்கொண்டார். ஒருநாள் இரண்டு நாளல்ல. பூங்கா முடியும்வரை.

வீட்டில் அவர் மனைவி தலையில் அடித்துக்கொண்டார். "மீசையை வழிச்சார், தாயைச் சாகடிச்சார். இப்ப காதிலை பஞ்சை வைச்சிருக்கிறார். இஞ்சருங்கோ, காதிலை பஞ்சு வைக்கிறது பாடையிலை ஏத்தேக்கைதான்! கேக்குதோ?" கேட்கவில்லை. அவர் மகிழ்ச்சியாகப் புட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

பஞ்சோடு சைக்கிளில் போய், பின்னால் ஹோர்ன் அடித்த மினிவானுக்கு வழிவிடாமல் சந்தைவரை அதை ஊர்வலமாக இழுத்துச் சென்றார். பஞ்சோடு மண்ணெண்ணெய் வரிசையில் நின்று, தன் பெயரைக் கூப்பிட்டபோது பேசாமல் நின்று, வரிசை கலைந்த பிறகும் நின்றார். சபையின் ஆணையாளர் ஒருநாள் அவரைக் கூப்பிட்டு, வாய்க்கால் வேலை பிந்தியதற்காக மேசையில் குத்திக் குத்தி ஏசினார். ஓவசியர் அவர் உதடுகளையே கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டு, இடைக்கிடை தலையாட்டிப் புன்னகைத்தார். ஆணையாளர் வெளியே வந்து என்னிடம் கண்கலங்கச் சொன்னார்: "மனிசன் திருந்தீட்டுது. என்ரை சேவிசிலை ஒருத்தரும் நான் சொன்னதை இவ்வளவு கவனமாய்க் கேட்டதில்லை."

ஆனால் அந்தப் பஞ்சு அவருக்கு எதையோ திறந்துவிட்டது. ஒவ்வொரு நாளும் ஒரு கண்டுபிடிப்போடு வருவார்.

"ஐசே, கையாலை கதைச்சுக்கொண்டு ரெண்டு பேர் நடந்தால் ஆளையாள் பார்த்துத்தானே நடக்கவேணும்? முன்னுக்கு நிக்கிற மரத்தை ஆர் பாக்கிறது? பாதை அகலமாய் வேணும்." ஆணையாளர் ஆசையாய் வளர்த்த குரோட்டன் பாத்தி அன்றே போயிற்று.

"நிரையாய் வாங்கு போட்டால் ஒருத்தன் மற்றவன்ரை பிடரியோடையோ கதைக்கிறது? வட்டமாய்ப் போடும்." சீமெந்து இல்லாததால், றயில் ஓடாத பாதையிலிருந்து கழற்றி, குண்டுக்குப் பதுங்கும் பங்கருக்கு மூடியது போக மிஞ்சிக் கிடந்த சிலிப்பர் கட்டைகள் வட்டமாக வந்தன. கட்டையில் ஒருவர் தட்டினால் பக்கத்தில் இருப்பவருக்குத் தொடையில் தெரியும், கூப்பிட்டதுபோல.

கைக்குப் பின்னால் பூங்காச் சுவர் என்ன நிறமாய் இருக்கவேண்டும் என்று அறிய, மனைவியின் சேலைகளை, கூறைச்சேலை உட்பட, கந்தோர் விறாந்தையில் தொங்கவிட்டு, ஒவ்வொன்றுக்கும் முன்னால் பியூனை நிறுத்திக் கையை ஆட்டச் சொன்னார். வீதியால் போன சனம் சபையில் நாடகம் பழகுகிறார்கள் என்று நின்று பார்த்தது. கடைசியில் உடுப்புக்குப் போடும் நீலத்தைச் சுண்ணாம்பில் கலக்கி அடித்தார். அந்தச் சுவருக்கு முன்னால் கைகள் கடலுக்கு முன்னால் பறவைகள்போலத் தெரிந்தன. இதை எழுதிக் காட்டினேன். "கவிதை எழுதாமல் கூலிப் பேரைப் பதியும்" என்றார்.

இந்த இடத்தில் ஒரு வர்த்தகப் பெருமகனைக் குறிப்பிடாமல் போனால் பாவம் சேரும். காது கேளாதவர்களின் பூங்காவுக்கு, மின்சாரம் இல்லாத ஊரில், அவர் அன்பளித்தது ஓர் ஒலிபெருக்கி. "பார்க் எண்டால் பாட்டு வேணும்தானே" என்றாராம். ஓவசியர் அதன் வாயை மேலே திருப்பி, மண் நிரப்பி, பட்டிப்பூ நட்டார். அது நன்றாகப் பூத்தது.

வேலை நடக்க நடக்க அன்ரனும் கூட்டாளிகளும் வரத் தொடங்கினார்கள். அன்ரனின் கைகள் முதலில் சாரத்துக்கு வெளியே வந்தன, பிறகு இடுப்பளவுக்கு, பிறகு நெஞ்சளவுக்கு. சந்தித்தவுடன் அவர்கள் கேட்பது ஒன்றுதான்: ஐந்து விரலையும் குவித்து வாயருகே கொண்டுபோய், கண்ணால் கேட்பார்கள். சாப்பிட்டியோ? ஓவசியரும் அதைப் பழகினார். கை சரியாக வந்தது, முகம் வரவில்லை. கண் உருட்டிப் புருவம் நெரித்து அவர் கேட்டால், என் சோற்றைக் களவெடுத்தது நீதானோ என்பதுபோல இருக்கும். அன்ரன் விழுந்து விழுந்து சிரிப்பான். சத்தமில்லாத சிரிப்பல்ல; நல்ல சத்தமான சிரிப்பு. அது தனக்கு மட்டும் கேட்கவில்லை என்று தெரியாமல் சிரிக்கிற சிரிப்பு.

இடையில் சில மாதம் குண்டை நிறுத்திச் சமாதானம் பேசிக் களைத்தவர்கள் பேச்சை முறித்துக்கொண்டார்கள். குண்டு போடும் பொம்மர் மறுபடி வரத் தொடங்கியது. ஆனாலும் திறப்புவிழா வைத்தே தீர்வது என்று ஆணையாளர் நின்றார். விழாவுக்கு முந்தின நாட் காலை நானும் ஓவசியரும் பூங்காவுக்குப் போனோம். தெற்கு மூலையைக் காணவில்லை.

அதாவது, அதைச் சுற்றி வேலி. புதுக் கிடுகு, இரண்டாள் உயரம், வரிச்சுப் பிடித்து இறுக்கிக் கட்டிய அழகான வேலி. ஒரு மூலையில் ஓராள் நுழையும் படலை. ஓவசியர் காதிலிருந்த பஞ்சைப் பிடுங்கி எறிந்துவிட்டுக் கந்தோருக்கு ஓடினார்.

"ஐயா, உதென்ன வேலை?"

ஆணையாளர் பாசமாகத்தான் சொன்னார். "ஓவசியர், பாவங்கள், அதுகள் கையைக் காலை ஆட்டிக்கொண்டிருக்க ரோட்டாலை போறவன் வாறவன் எல்லாம் பார்த்துச் சிரிப்பான். ஒரு மறைப்பு வேண்டாமே?"

"ஐயா, அவைக்குக் காது இருக்கிறது கண்ணிலை. ரோட்டிலை சனம் ஓடுறதைப் பார்த்துத்தான் பொம்மர் வருகுதெண்டு அவைக்குத் தெரியும். நீங்கள் அவையின்ரை காதுக்கு வேலி அடைச்சிருக்கிறியள்."

"அதுக்கு ஆரும் ஓடிப்போய்ச் சொல்லுவினம்தானே."

"ஆர்?"

"ஆரும்." ஆணையாளருக்குக் கோபம் வந்தது. "வேலியில்லாமல் ஒரு காணியைத் திறந்தால் ஊர் என்னை என்ன சொல்லும் காணும்? போம்!"

திறப்புவிழாவன்று ஓவசியர் புதுப் பஞ்சு வைத்துக்கொண்டு, உள்ளே வட்டத்தில் அன்ரனுக்குப் பக்கத்தில் போய் இருந்துவிட்டார். "உள்ளுக்கை இருக்கிறவைக்கு என்ன கேக்குமோ அதுதான் எனக்கும்" என்று எனக்குச் சொல்லிவிட்டுப் போனார். மற்ற எல்லாரும், ஆணையாளர், வர்த்தகர், கந்தோர்ச் சனம், தேத்தண்ணி ஊற்ற வந்த மேரி, வேலிக்கு வெளியே. மாலை போட்டார்கள். ஆணையாளர் "அன்பார்ந்த" என்று தொடங்கினார்.

அந்தச் சொல்லுக்கு மேல் அந்த இரைச்சல் வந்தது.

எங்கள் கால்களுக்கு அது பாடமான விஷயம். கதிரைகள் விழுந்தன, நாடா வெட்டுகிற கத்தரிக்கோல் எங்கேயோ பறந்தது, ஒரு நொடியில் பேச்சாளரும் சபையோரும் பங்கருக்குள் ஒருவர் மடியில் ஒருவர். வர்த்தகர் என் முழங்காலில். இருட்டில் ஆணையாளரின் மாலை மணத்தது. யாரோ கேட்டார்: "எல்லாரும் வந்திட்டினமோ?"

பிறகுதான் மேரி அலறினாள். "ஐயோ, என்ரை தம்பி உள்ளுக்கை! ஒருத்தரும் சொல்லேல்லை!"

அவள் ஏறி ஓடினாள். படலை மறுபக்கத்தில். சுற்றிப் போக நேரமில்லை. கிடுகைக் கையால் கிழித்தாள், பல்லாலும் கிழித்தாள் என்று சொல்வார்கள். தலை போகும் அளவுக்குக் கிழிந்ததும் தலையை நுழைத்தாள். உள்ளே ஓவசியர் கையால் ஏதோ பகிடி சொல்லிக்கொண்டிருந்தார். வட்டம் முழுக்கச் சிரித்துக்கொண்டிருந்தது. நீலச் சுவருக்கு முன்னால் கைகள் பறந்துகொண்டிருந்தன. அன்ரன் நிமிர்ந்தான். வேலிக்கு நடுவில் அக்காவின் தலை. கிழிசலால் நீண்ட ஒரு கை, விரல்களை விரித்து, தலைக்கு மேலே வளைந்து இறங்கியது. பிளேன்.

எல்லாரும் பங்கருக்கு வந்து சேர்ந்தார்கள். தையல்காரப் பெண்பிள்ளையைத் தள்ளிக்கொண்டு ஓவசியர் கடைசியாக விழுந்தார், வர்த்தகரின் மேல். குண்டு எங்கேயோ தள்ளி, வேறு யாருடையவோ சமையலுக்கு மேல் விழுந்தது. நிலம் நடுங்கியதை அன்ரன் உள்ளங்கையை மண்சுவரில் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தான்.

இரைச்சல் அடங்கியதும் ஆணையாளர்தான் முதலில் வெளியே ஏறினார். தலை முழுக்க மண், கழுத்தில் மாலை. வேலியிலிருந்த அந்த ஓட்டைக்குக் கிட்டப் போனார். விழா நாட் பேச்சு முழுவதையும் அந்த ஓட்டைக்குள் தவறவிட்டவர்போல எட்டிப் பார்த்தார். பிறகு முதல் கதியாலைத் தானே பிடித்து ஆட்டத் தொடங்கினார். அது அசையவில்லை.

"உப்பிடியில்லை ஐயா" என்றார் ஓவசியர், பஞ்சோடு, ஊர் முழுக்கக் கேட்க. "கிண்டிக் கிளப்ப அலவாங்கு வேணும். நான் எடுத்து வாறன்."

பின்னேரத்துக்குள் வேலி இல்லை. கிடுகை மேரி தன் கூரைக்கு எடுத்துப்போனாள். முதல் இரண்டு ஞாயிறும் சனம் வீதியில் நின்று வாய் பார்த்தது. பிறகு, சனமல்லவா, பார்த்துக் களைத்துவிட்டது. ஆனால் பார்த்த நேரத்தில் ஒன்றைப் பழகியிருந்தது. பொம்மர் இரைந்தால் சைக்கிளிலிருந்து குதிக்கிறவனும், தேத்தண்ணிக் கடைக்காரனும், வேம்பின் கீழிருந்து கல்லெறிந்தவர்களுங்கூட, பங்கருக்குள் பாயுமுன் ஒருமுறை பூங்கா பக்கம் திரும்பி, கையைத் தலைக்கு மேலே விரித்து வளைத்துக் காட்டிவிட்டுத்தான் பாய்ந்தார்கள். கையால் பிளேன் காட்டுகிறார்கள் என்று கல்லெறிந்த ஊர் இப்போது தானே கையால் பிளேன் காட்டியது. ஓவசியர் பஞ்சை எடுத்துவிட்டார். பெயர் போகவில்லை.

அது சில மாதங்கள்தான். பிறகு ஊரே எழும்பி நடந்த பெரிய இடப்பெயர்வு வந்தது. குருநகர்ச் சனம் பலர் வள்ளம் ஏறிக் கடல்நீரேரியைக் கடந்தார்கள்; அன்ரனும் மேரியும் அவர்களோடு. நான் திரும்பி வந்தபோது சிலிப்பர் கட்டைகளை யாரோ அடுப்புக்குக் கொண்டுபோயிருந்தார்கள். நீலச் சுவர் மழையில் வெளுத்து நின்றது. ஒலிபெருக்கியில் பட்டிப்பூ மட்டும் ஒருவரையும் கேட்காமல் பூத்துக்கொண்டிருந்தது. ஓவசியர் பிறகு மகளோடு வெளிநாடு போனார் என்றார்கள். அங்கே வீடுகளுக்கு வேலி இல்லையாம் என்று கேள்விப்பட்டு நிம்மதியடைந்தேன்.

அவரைக் கடைசியாகக் கண்டது நாவற்குழிப் பாலத்தடியில். மழை. வீதி தெரியாமல் சனம். குழந்தைகள், மாடுகள், உழவு இயந்திரங்கள், பேர் சொல்லிக் கூப்பிடுகிற ஆயிரம் வாய்கள். வீதியின் மறுகரையில் ஓவசியர், மூட்டை கட்டிய சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, பக்கத்தில் மனைவி. என்னைக் கண்டுவிட்டார். வாயைத் திறந்து கத்தினார். யாழ்ப்பாணத்தின் அந்தப் பெரிய தொண்டை. ஒரு எழுத்துக்கூட வந்து சேரவில்லை.

அவர் நின்றார். சைக்கிளை மனைவியிடம் கொடுத்தார். சனம் இடித்துக்கொண்டு போக, வெளிச்சம் எந்தப் பக்கம் என்று பார்த்து, முகத்தை அந்தப் பக்கம் திருப்பினார். ஐந்து விரலையும் குவித்து வாயருகே கொண்டுபோனார். அவர் முகத்தில் அன்று நெரிப்பும் இல்லை, உருட்டலும் இல்லை.

பக்கத்து மேசையில் இருந்த அத்தனை வருடமும் ஒருநாளும் அவர் என்னிடம் இதைக் கேட்டதில்லை. ஓம் என்று கையால் சொன்னேன். முந்தின நாளிலிருந்து ஒன்றும் தின்றிருக்கவில்லை. ஆனாலும் அன்று முழுக்க எனக்குப் பசிக்கவே இல்லை.